பனியைத் துடைக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பராமரிப்பு

காரின் வெளிப்புறத்தை வீட்டிலேயே பராமரிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் ஒன்றைத் தவிர மற்றவை நீலகிரியிலிருந்து வந்தவை; அந்த ஒன்றும் கொடைக்கானலிலிருந்து வந்தது. சமவெளிக்கு எழுதப்படும் குறிப்புகள் பல மலையில் பொருந்துவதில்லை என்பதால், இம்முறை மலைவாசிகளின் கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அடர்நீல நிறக் கார் என்னுடையது. நாள்தோறும் காலையில் நானே துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். இருந்தும் வெயில் பட்டால் பானெட்டின் மீது சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிகின்றன. சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கொடுத்து பாலிஷ் போடச் சொல்கிறேன். பளபளப்பு இரண்டு மாதம்கூட நிற்பதில்லை. வீட்டிலேயே செய்யலாமா? காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்று கடையில் மூன்று பெயர் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா?
— ஒரு வாசகர், குன்னூர்

நோயைச் சொல்லும் உங்கள் கடிதத்திலேயே நோயின் காரணமும் இருக்கிறது. நாள்தோறும் காலையில் துடைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிலந்தி வலையை நெய்வது அந்தத் துடைப்புதான். குன்னூரிலும் உதகையிலும் திறந்தவெளியில் நிற்கும் காரின் மீது விடிவதற்குள் பனிநீர் முத்து முத்தாகப் படிந்துவிடுகிறது. முந்தைய நாள் ஏறிய சாலைப் புழுதி அந்த நீரில் ஊறி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சேறாகக் கிடக்கிறது. வண்டியை எடுக்கும் முன் பனியன் வேஸ்ட் துணியையோ மஞ்சள் துணியையோ எடுத்து, கூரையில் தொடங்கி டிக்கி வரை ஒரே துணியால் வட்ட வட்டமாகத் துடைத்து, பிழிந்து, மீண்டும் துடைப்பதை எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் காணலாம். அந்தப் புழுதியில் உள்ள மணல் துகள் பெயின்டை விடப் பல மடங்கு கடினமானது. துணி அதைப் பற்றிக்கொண்டு இழுக்கும்போது ஒவ்வோர் இழுப்பும் ஒரு நுண்கீறலாகப் பதிகிறது. ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால், இந்த நான்கு ஆண்டுகளில் நீங்கள் 1,200 முறை உங்கள் காரை மிக நைசான உப்புத்தாளால் தேய்த்திருக்கிறீர்கள். வெள்ளைக் காரில் இது எளிதில் தெரியாது. அடர்நீலத்திலும் கறுப்பிலும் மறைக்க முடியாது.

ஆகவே முதல் மருந்து செலவில்லாதது. காலையில் முன், பின் கண்ணாடிகளையும் பக்கக் கண்ணாடிகளையும் மட்டும் துடையுங்கள். தகரத்தின் மீதுள்ள பனியைத் தொடாதீர்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் காற்றும் வெயிலும் அதை உலர்த்திவிடும். சாயங்காலம் புள்ளி புள்ளியாகப் புழுதித் தடம் தெரியும் என்பது உண்மைதான், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார் என்பதும் உண்மைதான். அடுத்து முறையாகக் கழுவும் நாள் வரை அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம். இன்றைய காரின் தகரத்தின் மீது துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சுகள் உள்ளன. அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும். அதில் கிளியர் கோட் 40 அல்லது 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் காணும் பளபளப்பு முழுவதும் ஒரு முடியை விட மெலிந்த அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. காம்பவுண்ட் என்பது சற்றுக் கரகரப்பான தேய்ப்புக் குழம்பு. அது கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டை அராவி எடுத்து மட்டமாக்குகிறது. பாலிஷ் என்பது அதே வேலையை இன்னும் நைசான துகளால் செய்வது. இரண்டும் பெயின்டிலிருந்து எடுப்பவை. எதையும் சேர்ப்பவை அல்ல. வாக்ஸ் மட்டுமே மேலே ஒரு படலத்தைப் பூசுகிறது. மழைநீர், பறவை எச்சம், மரப்பால், சூரிய ஒளி ஆகியவை முதலில் அந்தப் படலத்தைத்தான் தாக்கும். அது தேய்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம், கிளியர் கோட் தேய்ந்தால் பெயின்ட் கடைக்குத்தான் போக வேண்டும்.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் உங்கள் காருக்குச் செய்யப்படுவது பெரும்பாலும் காம்பவுண்டும் பாலிஷும்தான். கீறல் மறைவதால் அன்றைக்குக் கார் கண்ணாடி போல் இருக்கும். மறுநாள் காலை நீங்கள் பனியைத் துடைப்பீர்கள், கீறல் திரும்பும், அடுத்த சர்வீஸில் இன்னொரு சில மைக்ரான் போகும். கிளியர் கோட்டின் மேற்பகுதி கரைந்து போனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆற்றலும் அத்துடன் போய்விடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிரின் தீவிரம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தோலுக்குக் குளிராக இருக்கும் அதே நண்பகலில், பெயின்டுக்கு மேட்டுப்பாளையத்தை விடக் கடுமையான வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. காற்று குளிர்ந்திருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் காம்பவுண்டைத் தொடாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இரவல் வாங்கிய சுழலும் பாலிஷ் இயந்திரத்தைக் கொண்டு என் காரின் பானெட் ஓரத்தில் காம்பவுண்ட் போட்டேன். தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாகவே படிந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஓரத்தில் பிரைமரின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. பாலிஷ் வாங்கிய காசைப் போல் இருபது மடங்கைப் பெயின்டுக்குக் கொடுத்தேன்.

முதலில் கழுவும் முறை. இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் பழைய வாக்ஸைக் கரைத்துவிடும் என்பதால் அவை வேண்டாம். மலை ஊற்று நீர் பொதுவாக உப்புக் குறைந்த மென்னீர். சமவெளி போர்வெல் நீரைப் போல் வெள்ளைக் கறை விடாது, ஷாம்புவும் குறைவாகவே தேவைப்படும். இந்த ஒரு வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். முதலில் வெறும் நீரை ஊற்றிப் புழுதியைக் கழுவி இறக்குங்கள். கை படாமல் போகும் புழுதி கீறுவதில்லை. பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி நேர்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு தகட்டை முடித்ததும் கையுறையை வெறும் நீர் வாளியில் அலசிய பின்பே மீண்டும் ஷாம்பு வாளியில் விடுங்கள். கதவின் கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள். கழுவியதும் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டியதில்லை.

உலர்ந்த பின் உள்ளங்கையை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் விட்டுப் பானெட்டைத் தடவிப் பாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ரொட்டி வந்த உறை போதும். வெறும் கைக்கு வழவழப்பாகத் தோன்றிய இடம் அந்த உறையின் வழியே மணல் தடவியதைப் போல் உணர்ந்தால், பெயின்டில் பிரேக் இரும்புத் துகளும் தாரும் மரப்பிசினும் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். இதைக் கழுவிப் போக்க முடியாது. உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் கிளே பார் என்ற களிமண் கட்டியை, ஷாம்பு நீரைத் தெளித்து வழுக்கலாக்கிய பரப்பின் மீது அழுத்தாமல் ஓட்டினால் அது அத்தனையையும் வாரிக்கொள்ளும். கட்டியை அவ்வப்போது மடித்துப் புதிய முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கை தவறித் தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைத் தூக்கி எறியுங்கள்.

இதற்குப் பிறகும் சிலந்தி வலை கண்ணை உறுத்தினால், ஒரே ஒரு முறை நைசான பாலிஷைக் கையால் போடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி அளவில் சிறு சிறு பகுதியாக, பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு போதும். கையால் தேய்ப்பதில் வலை முழுவதும் மறையாது, பாதி குறையும். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இந்தப் பாலிஷ் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் தேவைப்படக் கூடாது.

வாக்ஸ் போடுவதற்கு நேரம் பார்ப்பதில்தான் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு. கோவையில் இருப்பவரிடம் அதிகாலையிலோ மாலையிலோ போடுங்கள் என்பேன். குன்னூரில் அதிகாலையில் பனிநீர், மாலையில் மூடுபனி. ஈரத்தின் மீது பூசிய வாக்ஸ் பிடிக்காது. திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே மழையில்லாத நாளில், காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 3 மணிக்குள், நிழலில் வைத்துப் போடுங்கள். தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் ஈரம் இருக்கக் கூடாது. பிரேசில் நாட்டின் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னூபா வாக்ஸ் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். குளிர் காலத்தில் டின்னுக்குள் கல்லாக இறுகியிருக்கும். சற்று நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் குழைந்து வரும். நுரைத்துண்டில் மிகக் குறைவாக எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று ஐயம் எழும் அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் துடைத்தெடுக்கும் பாடு கூடுமே தவிரப் பாதுகாப்பு கூடாது. பூசியது வெண்படலமாகக் காய்ந்ததும் விரல் நுனியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்; கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுபட்டால் காத்திருக்க வேண்டும். சமவெளியில் பத்து நிமிடத்தில் ஆவது இங்கே ஈரக்காற்றில் அரை மணி நேரமும் ஆகலாம். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களின் மீது வாக்ஸ் பட்டால் வெள்ளைத் தடம் போவது கடினம் என்பதால், அவற்றின் மீது முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கார்னூபா வாக்ஸ் இரண்டு, மூன்று மாதம் நிற்கும்; பாலிமர் சீலன்ட் என்று விற்கப்படும் செயற்கை வகை அதைப் போல் இரு மடங்கு நிற்கும். அழகுக்கு முன்னது, உழைப்புக்குப் பின்னது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும் என்பதால் செப்டம்பர் இறுதியில் ஒரு முறையும், பனிக்காலம் முடியும் பிப்ரவரியில் ஒரு முறையும் சீலன்ட் போட்டால் உங்களுக்குப் போதும். இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்பதை மழையே சொல்லும்: நீர் உருண்டை உருண்டையாக நின்றால் வாக்ஸ் இருக்கிறது, பாய் விரித்தாற்போல் பரவி நின்றால் தீர்ந்துவிட்டது.

தலைகுந்தாவில் குடியிருக்கிறோம். ஜனவரியில் காரின் மீது உறைபனி வெள்ளையாகப் படிகிறது. வெந்நீர் ஊற்றலாமா?
— ஒரு வாசகி, உதகை

கூடாது, அம்மா. உறைந்த கண்ணாடியின் மீது வெந்நீர் பட்டால் திடீர் விரிவினால் அது வெடிக்கக்கூடும். முன்பே கல் பட்டு மயிரிழை விரிசல் இருந்தால் நிச்சயம் ஓடும். இரவில் முன்கண்ணாடியின் மீது ஓர் அட்டையையோ பழைய கம்பளியையோ விரித்துவிட்டால் காலையில் அதை எடுத்தால் போதும். மறந்துவிட்ட நாளில், சர்ஜிகல் ஸ்பிரிட் இரண்டு பங்கும் நீர் ஒரு பங்கும் கலந்து கண்ணாடியின் மீது தெளியுங்கள். ஆல்கஹால் பனியை இளக்கிவிடும். அது வாக்ஸையும் கரைக்கும் என்பதால் பெயின்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகரத்தின் மீதுள்ள உறைபனியைச் சுரண்டவே வேண்டாம்; சூரியன் ஏறியதும் அது தானே இறங்கும். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதன் சுவிட்சைப் போடாதீர்கள். ரப்பர் கிழிவதோடு மோட்டாருக்கும் கேடு.

எங்கள் வீட்டு முற்றத்தில் காரைக் கற்பூர மரத்துக்கும் சவுக்குக்கும் நடுவில்தான் நிறுத்த முடிகிறது. பிசினும் பறவை எச்சமும் காய்ந்து பிடித்துக்கொள்கின்றன. வேலிக்கு அப்பால் தேயிலைத் தோட்டம். மழைக்காலத்தில் அங்கே மருந்து அடித்தால் காரின் மேல் நீலப் புள்ளிகள் விழுகின்றன. எதை எதைக் கொண்டு போக்குவது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோத்தகிரி

மூன்றும் மூன்று விதமான கறைகள், மருந்தும் வெவ்வேறு. சமவெளி வாசகர்களுக்காக ஒரு சொல்: நீலகிரியில் கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ், சவுக்கு என்று பலர் சொல்வது தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்.

பறவை எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் கிளியர் கோட்டை அரிக்கிறது. அதோடு வேறொன்றும் நிகழ்கிறது. பகல் வெயிலில் பெயின்ட் சற்றே இளகி விரிகிறது. மேலே உள்ள எச்சம் காய்ந்து சுருங்குகிறது. மாலைக் குளிரில் பெயின்ட் அந்தச் சுருக்கத்தின் வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகுந்த மலையில் இதற்கு ஒரே நாள்கூடப் போதும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நனைத்த துணியை அதன் மீது ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே பொத்தி எடுங்கள். பழம் தின்னும் பறவையின் எச்சத்தில் விதை இருக்கும். தேய்த்தால் அதுவே கீறும்.

பிசினுக்கு மருந்து அதே மரத்திலேயே இருக்கிறது. உதகையில் வீதிக்கு வீதி விற்கும் நீலகிரித் தைலம் பிசினையும், தாரையும், பழைய ஸ்டிக்கர் பசையையும் கரைக்கும் நல்ல கரைப்பான். பஞ்சில் சில சொட்டு விட்டு, பிசின் மீது அரை நிமிடம் ஒற்றிப் பிடித்து, இளகியதும் துடைத்து, உடனே ஷாம்பு நீரால் அந்த இடத்தைக் கழுவிவிடுங்கள். நெடுநேரம் ஊறவிட்டால் பெயின்டையே அது இளக்கக்கூடும். அதனால் முதலில் கதவுக்கு உட்புறம் மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். விளக்கின் பிளாஸ்டிக் மூடியின் மீது தைலத்தைத் தொடவே விடாதீர்கள். தைலம் பட்ட இடத்தில் வாக்ஸும் போயிருக்கும். அங்கே மட்டும் ஒரு பூச்சு போட்டுவிடுங்கள்.

நீலப் புள்ளி தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கப்படும் செம்பு கலந்த பூசணக்கொல்லி. அது நீரில் எளிதில் கரையாத தூள் என்பதால், காய்ந்த பின் துணியால் துடைத்தால் நைசான அரத்தைப் போல் வேலை செய்யும். தோட்டத்தில் மருந்தடிக்கும் நாள் பெரும்பாலும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அன்று காரை வீதிப்பக்கம் நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டால் அன்றே, புள்ளிகள் ஈரமாக இருக்கும்போதே, நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஜூன் தொடங்கினால் மூன்று மாதம் எங்கள் ஊரில் மழை ஓய்வதில்லை. ஷெட் இல்லை. கார் கவர் போட்டு மூடி, மேலே தார்ப்பாயும் கட்டிவைத்தேன். செப்டம்பரில் திறந்தபோது கண்ணாடி ரப்பர்களில் பாசி. கூரையில் சிறு சிறு கொப்புளங்கள். ஒரு கதவின் அடியில் துரு. மூடி வைத்தது தவறா?
— ஒரு வாசகர், கூடலூர்

மூடியதில் தவறில்லை, மூன்று மாதம் திறக்காமல் மூடியதுதான் தவறு. கூடலூர், தேவாலா மழையில் எந்தக் கவரும் முழுமையாக உலர்வதில்லை. ஈரக் கவரும் அதன் மேல் காற்றுப் புகாத தார்ப்பாயும் சேர்ந்து காரை ஆவியில் வேகும் இட்லியாக்கிவிடுகின்றன. பூச்சுக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகத் தள்ளுகிறது. காற்றடிக்கும்போது கவரின் ஓரம் தகரத்தில் உரசிக்கொண்டே இருப்பது வேறு. நல்ல வாக்ஸ் பூச்சோடு மழையில் வெறுமனே நிற்கும் கார், ஈரக் கவருக்குள் நிற்கும் காரை விட நலமாக இருக்கும் என்பது என் கருத்து. நான்கு கம்பு நட்டு, காரைத் தொடாமல் மேலே தகரமோ தார்ப்பாயோ கட்ட இடமிருந்தால் அதுவே சிறந்தது.

பாசிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷும் ஷாம்பு நீரும் போதும். கொப்புளங்கள் வீட்டு வைத்தியத்துக்குக் கட்டுப்படா. பெயின்டர் பார்க்க வேண்டியவை. துருவுக்குக் காரணம் பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் அடிப்பகுதியிலும் வடிகால் உண்டு. இலையும் சேறும் இவற்றை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் நீர் தேங்கி உள்ளிருந்து அரித்து வெளியே வரும். மே மாதக் கடைசியில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் எல்லாத் துளைகளையும் குத்தித் திறந்துவிடுங்கள். சக்கர வளைவின் உள்மடிப்பில் அப்பியிருக்கும் செம்மண்ணை மழைக்காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீரடித்து வெளியேற்றுங்கள். கடற்கரை ஊர்களைப் போல் நமக்கு உப்புக்காற்று இல்லை. இங்கே துரு என்பது பெரும்பாலும் உலராத மண்ணின் வேலை.

கொடைக்கானலில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறேன். புதிய வண்டி எடுத்திருக்கிறேன். செராமிக் கோட்டிங் போட்டால் ஐந்து ஆண்டுக்குக் கீறலே விழாது, 9எச் கடினம் என்கிறார்கள். போடலாமா?
— ஓர் ஓட்டுநர், கொடைக்கானல்

9எச் என்பது பென்சில் கடினத்தின் அளவு. மிகக் கடினமான பென்சிலால் எழுதினாலும் கீறாது என்பதே அதன் பொருள். சாலை மணலோ, குரங்கின் நகமோ, இரவில் வந்து முதுகு சொறியும் காட்டுமாடோ கீறாது என்பதல்ல. செராமிக் என்பது சிலிக்கா கலந்த மெல்லிய பூச்சு. வாக்ஸை விட நீண்ட காலம் நிற்கும், அழுக்கு எளிதில் பிடிக்காது, கழுவுவது சுலபமாகும். அந்த அளவில் அது நல்ல பொருள்தான். ஆனால் அதற்காகக் கேட்கப்படும் தொகையைக் கல்லடிக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். கல்லடியைத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் ஒட்டுப்படலம். அதன் தடிமன் செராமிக்கைப் போல் பல பத்து மடங்கு. வத்தலக்குண்டுச் சாலையில் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டிக்கு, முன் பம்பருக்கும் பானெட்டின் முன்விளிம்புக்கும் மட்டும் அந்தப் படலம் ஒட்டி, மற்ற இடங்களுக்கு நீங்களே ஆண்டுக்கு மூன்று முறை சீலன்ட் போடுவது என் ஆலோசனை. செராமிக்தான் வேண்டும் என்றால், பூசியதும் குறைந்தது ஒரு நாள் முழுவதும் ஈரம் படாமல் நிற்க வேண்டும் என்பதால், வறண்ட பிப்ரவரியில், நான்கு சுவர் கொண்ட கடைக்குள் வைத்துச் செய்யுங்கள். சீசன் தொடங்குவதற்கு முன் வேலையும் முடிந்துவிடும்.

எஸ்டேட் பாதையில் எதிரே லாரி வந்தால் தேயிலைச் செடியோடு ஒட்டி ஒதுங்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கக் கதவுகள் முழுவதும் கோடுகள். பாலிஷில் போகுமா?
— ஒரு வாசகி, குந்தா

நகத்தின் நுனியைக் கோட்டுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் கீறல் கிளியர் கோட்டின் மேற்பரப்பில் இருக்கிறது; நைசான பாலிஷில் பெரும்பகுதி மறையும். நகம் தடுக்கினால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, சுற்றியுள்ள நல்ல பெயின்ட்தான் கரையும். இலையும் இளந்தண்டும் உரசிய கோடுகள் பெரும்பாலும் முதல் வகை. கவாத்து முடிந்த செடியின் கூரிய தண்டு உரசியவை இரண்டாம் வகை. அடித்தகரமே தெரியும் கீறலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நம் ஈரக்காற்றில் அது சில நாள்களிலேயே பழுப்பேறிவிடும். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ உள்ள தகட்டில் நிறக் குறியீட்டு எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்கி, முதலில் பிரைமர், காய்ந்ததும் நிறம், பிறகு கிளியர் கோட் என்று பல் குத்தும் குச்சி நுனியால் கீறலுக்குள் மட்டும் நிரப்புங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் கீறலை விட உங்கள் கைவேலைதான் பெரிதாகத் தெரியும்.

அப்பா காலத்து வெள்ளைக் கார். கை வைத்தால் சுண்ணாம்பு போல் ஒட்டுகிறது. துடைத்த துணியும் வெள்ளையாகிறது. பெயின்ட் போய்விட்டதா?
— ஒரு வாசகர், வெலிங்டன்

போகவில்லை. பழைய கார்களில் கிளியர் கோட் கிடையாது, நிறப்பூச்சே மேற்பூச்சு. வெயிலில் அதன் மேற்பரப்பு பொடிந்து சுண்ணாம்பாகிறது. துணியில் ஒட்டுவது அந்தப் பொடிதான். உங்கள் காருக்கு மட்டும் நான் என் விதியைத் தளர்த்துகிறேன்: நைசான பாலிஷைக் கையால் போட்டு, துணி வெள்ளையாவது குறையும் வரை மெதுவாக எடுங்கள், விளிம்புகளில் அழுத்தாதீர்கள். உள்ளே பால் போன்ற வெள்ளை இன்னும் இருக்கும். அன்றே வாக்ஸ் போடாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் சுண்ணாம்புதான்.

முன்விளக்குகள் மஞ்சள் பூத்துவிட்டன. மூடுபனியில் வெளிச்சமே போதவில்லை. பற்பசை தேய்த்தால் போகும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், கோத்தகிரி

சில வாரங்களுக்குப் போகும். விளக்கு மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேலிருந்த புற ஊதாத் தடுப்புப் பூச்சு தேய்ந்ததால்தான் மஞ்சளாகிறது. பற்பசை மேல்மஞ்சளைத் தேய்த்தெடுக்கிறதே தவிர அந்தப் பூச்சைத் திருப்பித் தருவதில்லை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 1000, 2000, 3000 எண் நீர் உப்புத்தாளால் முறையே நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, முன்விளக்குக்கென்றே விற்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சை இறுதியில் பூசினால் நெடுநாள் நிற்கும். கடைசிப் படியை விட்டுவிட்டால் முன்பை விட வேகமாக மஞ்சளாகும்.

டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்தால் கார் மின்னுகிறதே?
— ஒரு வாசகர், அருவங்காடு

எண்ணெய் தடவிய எதுவும் மின்னும். அரை மணி நேரத்தில் எல்லாப் புழுதியும் அதில் வந்து ஒட்டும், வாக்ஸ் கரையும், ரப்பர் ஊறி உப்பும்.

மேட்டுப்பாளையத்துக்கு வாரம் இருமுறை போய் வருகிறேன். சக்கரங்களிலும் அவற்றை ஒட்டிய தகரத்திலும் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. துருவா? இறங்கும் வழியில் பர்லியார் அருகே ஓடை நீரைப் பிடித்துச் சக்கரத்தைக் கழுவிவிடுவது என் வழக்கம்.
— ஒரு வாசகர், குன்னூர்

துருதான், ஆனால் உங்கள் காருடையது அல்ல. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் தட்டிலிருந்து உதிரும் இரும்புத் தூள் சூட்டோடு பெயின்டில் பதிந்து, பனி ஈரத்தில் துருப்பிடிக்கிறது. அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவத்தைத் தெளித்தால் அது ஊதா நிறமாகி வழிந்தோடும். மிச்சத்தைக் கிளே பார் எடுத்துவிடும். இரண்டாவது கியரில் இறங்கினால் இந்தத் தூளே பாதியாகக் குறையும்.

ஓடையில் கழுவும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். இறக்கத்தில் பழுக்கக் காய்ந்த பிரேக் தட்டின் மீது குளிர்ந்த ஓடை நீரை ஊற்றினால் தட்டு கோணும். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். அந்த நீர் கீழே பவானியில் போய்ச் சேர்கிறது. மேட்டுப்பாளையத்தில் நீங்கள் இறங்கிக் குடிக்கும் தேநீர் அந்த ஆற்று நீரில் போட்டதாகக்கூட இருக்கலாம். வீட்டுக்கு வந்து, தட்டு கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின், ஒரு வாளி நீரில் சக்கரங்களைக் கழுவுங்கள்.